எல்லையும் தொடர்ச்சியும்: மின்கட்டணம் கற்றுத் தரும் கணக்கு

பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் தொடங்கும்போது மாணவர் முதலில் சந்திக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று எல்லை, மற்றொன்று தொடர்ச்சி. காரணிப்படுத்து, சுருக்கு, எண்ணைப் பிரதியிடு என்ற மூன்று கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு பலரும் இப்பகுதியைக் கடந்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், "நீ கண்டுபிடித்தது எதன் மதிப்பு? நேராகப் பிரதியிட்டால் கிடைக்காத ஒன்று சுருக்கிய பிறகு மட்டும் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டால் விடை வருவதில்லை. அடிப்படை இவ்வாறு ஆட்டம் கண்டிருந்தால், பின்னால் வரும் வகையிடலும் தொகையிடலும் வெறும் சூத்திரப் பட்டியலாகவே நின்றுவிடும்.

இக்கட்டுரையில் அந்த இரு கருத்துகளையும் நாம் அன்றாடம் காணும் பொருள்களைக் கொண்டே விளக்க முயல்வோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே கிணறு உண்டு. வீட்டுக்கு வீடு மின்கணக்கி உண்டு. மலையேறும் பேருந்து உண்டு. நமக்கு இந்த மூன்றும் போதும்.

பாடநூலில் மாறிகளும் சார்புகளும் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பெறும். இங்கு மாறியை 'ய' என்றும், அதன் சார்பை 'ச(ய)' என்றும், நேரத்தை 'ந' என்றும் குறிப்போம். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது.

கிணற்றில் விழும் கல்

சேலம், நாமக்கல் சமவெளியில் பாறையை உடைத்து வெட்டிய ஆழமான திறந்தவெளிக் கிணறுகள் பல உள்ளன. கோடையில் வற்றிப்போன ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆழம் 19.6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 64 அடி என்க. விளிம்பிலிருந்து ஒரு கல்லைக் கைவிடுகிறோம். காற்றின் தடையைப் புறக்கணித்தால், ந விநாடிகளில் கல் விழும் தூரம் 4.9ந² மீட்டர். எனவே சரியாக 2 விநாடிகளில் கல் தரையைத் தொடும். தரையைத் தொடும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன?

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்துப் பெறுவது. ஆனால் ஒரு கணத்தில் கடக்கும் தூரம் சுழி. கழியும் நேரமும் சுழி. சுழியைச் சுழியால் வகுத்தால் எந்த எண்ணும் கிடைக்காது. ஆகவே கணத்தை விட்டுவிட்டு, அதற்குச் சற்று முன்னதாகத் தொடங்கி 2-ஆவது விநாடியில் முடியும் ஒரு சிறு இடைவெளியை எடுத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் சராசரி வேகம்

ச(ந) = (19.6 − 4.9ந²) / (2 − ந)

ஆகும். ந-க்குச் சில மதிப்புகளைக் கொடுத்துப் பார்ப்போம்.

ந = 1 எனில், சராசரி வேகம் 14.7
ந = 1.5 எனில், 17.15
ந = 1.9 எனில், 19.11
ந = 1.99 எனில், 19.551
ந = 1.999 எனில், 19.5951

இடைவெளி குறையக் குறைய, சராசரி வேகம் 19.6 என்ற எண்ணை நெருங்குகிறது. இந்த 19.6-ஐத்தான், ந ஆனது 2-ஐ நெருங்கும்போது ச(ந)-இன் எல்லை என்கிறோம். கல் தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு 19.6 மீட்டர்.

இயற்கணிதமும் இதையே சொல்கிறது. 19.6 − 4.9ந² என்பது 4.9(2 − ந)(2 + ந). தொகுதியிலும் பகுதியிலும் உள்ள (2 − ந) என்ற காரணியை நீக்கினால் 4.9(2 + ந) எஞ்சும். இங்கேதான் மாணவர் நின்று சிந்திக்க வேண்டும். (2 − ந)-ஆல் வகுக்க நமக்கு உரிமை வந்தது எப்படி? எல்லை காணும்போது ந ஆனது 2-ஐ நெருங்குகிறது, 2 ஆவதில்லை. ஆகவே (2 − ந) எவ்வளவு சிறியதானாலும் சுழியன்று, அதனால் வகுக்கலாம். சுருக்கிய பின் கிடைக்கும் 4.9(2 + ந) என்ற புதிய சார்பு, ந = 2 என்ற ஓரிடம் நீங்கலாக எல்லா இடங்களிலும் பழைய சார்புக்குச் சமம். எல்லைக்கு அந்த ஓரிடம் தேவையே இல்லை. ஆகவே புதிய சார்பில் 2-ஐப் பிரதியிட்டுப் பழைய சார்பின் எல்லையைப் பெறுகிறோம்.

சுழியின் கீழ்ச் சுழி என்ற வடிவத்தைத் தேறப்பெறா வடிவம் என்பர். அதற்கு விடை இல்லை என்று பொருளல்ல. அந்த வடிவத்தை மட்டும் பார்த்து விடையைத் தீர்மானிக்க முடியாது, தொகுதியும் பகுதியும் எவ்வாறு சுழியை நெருங்குகின்றன என்று ஆராய வேண்டும் என்பதே பொருள்.

இடமிருந்தும் வலமிருந்தும்

மேற்கண்ட கணக்கில் 2-ஐ ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே நெருங்கினோம். 2 விநாடிக்குப் பின் கல் தரையில் கிடக்கிறது. அதன் வேகம் சுழி. கல்லின் வேகத்தை நேரத்தின் சார்பாக எழுதினால், 2 விநாடிக்கு முன் அது 9.8ந, பின்னர் 0. ஆகவே ந ஆனது 2-ஐ இடப்பக்கமிருந்து நெருங்கும்போது வேகத்தின் எல்லை 19.6, வலப்பக்கமிருந்து நெருங்கும்போது எல்லை 0. முன்னதை இடப்பக்க எல்லை என்றும், பின்னதை வலப்பக்க எல்லை என்றும் சொல்வர். இரண்டும் சமமாக இருந்தால்தான் "எல்லை உண்டு" என்கிறோம். இங்கு அவை வேறுபடுவதால், ந = 2-இல் வேகத்திற்கு எல்லை இல்லை.

உண்மையில் கல் ஒரு நொடிப்பொழுதில் நிற்பதில்லை. தரையை அழுத்தி, மிகக் குறுகிய நேரத்தில் வேகத்தை இழக்கிறது. கணிதத்தின் தாவல் இயற்கையில் மிகச் செங்குத்தான சரிவாகவே அமைகிறது. ஆனால் மனிதர் வகுக்கும் விதிகளில் உண்மையான தாவல்கள் உண்டு. அதற்கு முன் எல்லையின் வரையறையைத் திருத்தமாகக் காண்போம்.

ஒரு சவாலும் அதற்கு விடையும்

"நெருங்குகிறது" என்ற சொல் பேச்சுக்குப் போதும், கணிதத்துக்குப் போதாது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை உருவாக்கியபோது, சுழியும் அல்லாத, எண்ணும் அல்லாத மிகச் சிறிய அளவுகளைக் கையாண்டனர். விடைகள் சரியாக வந்தன. காரணம் தெளிவாக இல்லை. 1734-இல் அயர்லாந்தின் பாதிரியாரும் தத்துவ அறிஞருமான பெர்க்லி இக்குறையைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் எழுதினார். வகுக்கும்போது சுழியல்லாததாக வைத்துக்கொண்ட ஒன்றை, முடிவில் சுழி என்று தள்ளிவிடுவது எந்த நியாயம் என்பதே அவர் கேள்வி. அக்கேள்வி நியாயமானது. அதற்கு நிறைவான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரான்சின் கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலில் எல்லையை அடிப்படையாக வைத்து நுண்கணிதத்தைக் கட்டினார். பின்னர் ஜெர்மனியின் வியர்ஸ்ட்ராஸ் இன்று பாடநூல்களில் காணும் வடிவை அதற்குத் தந்தார்.

அவ்வடிவத்தை ஒரு சவாலாகக் கருதலாம். நான், "சராசரி வேகத்தின் எல்லை 19.6" என்கிறேன். நீங்கள், "அப்படியானால் 19.6-க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 0.01-க்குக் குறைவாக இருக்கும்படி செய்து காட்டு" என்கிறீர்கள். வேறுபாடு 4.9(2 − ந). எனவே (2 − ந) ஆனது 0.002-க்குக் குறைவாக இருந்தால் போதும் என்று நான் விடை தருவேன். 0.001 வேண்டுமென்றால் 0.0002 என்பேன். நீங்கள் எவ்வளவு சிறிய பிழையைக் கேட்டாலும், அதற்கேற்ற ஒரு நெருக்கத்தை என்னால் தர முடியும். இவ்வாறு எந்தச் சவாலுக்கும் விடை உண்டு என்றால்தான் 19.6 எல்லை ஆகும். நீங்கள் கேட்கும் பிழைக்கு எப்சிலன் என்றும், நான் தரும் நெருக்கத்துக்கு டெல்டா என்றும் கிரேக்க எழுத்துகளைப் பயன்படுத்துவது வழக்கம். இதில் மர்மமான மிகச் சிறிய அளவு எதுவும் இல்லை. எல்லாம் சாதாரண எண்களே. பெர்க்லியின் கேள்விக்கு விடையும் இதுவே.

500-க்கு மேல் ஒரு யூனிட்

இப்போது மின்கணக்கியிடம் வருவோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுப்பது வழக்கமாக இருந்துவருகிறது. 2022 செப்டம்பர் 9 வரை சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கட்டண முறையை நோக்குவோம். அரசு மானியம் போக நுகர்வோர் செலுத்த வேண்டியிருந்தது பின்வருமாறு.

மொத்தப் பயன்பாடு 100 யூனிட் வரை: கட்டணம் இல்லை.

100-க்கு மேல் 200 வரை: முதல் 100 இலவசம், மீதிக்கு யூனிட்டுக்கு 1.50 ரூபாய்; நிலைக் கட்டணம் 20 ரூபாய்.

200-க்கு மேல் 500 வரை: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் வீதம், மீதிக்கு 3 ரூபாய் வீதம், நிலைக் கட்டணம் 30 ரூபாய்.

500-க்கு மேல்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 3.50 வீதம், அடுத்த 300-க்கு 4.60 வீதம், மீதிக்கு 6.60 வீதம், நிலைக் கட்டணம் 50 ரூபாய்.

பயன்பாட்டை ய யூனிட் என்றும், கட்டணத்தை ச(ய) ரூபாய் என்றும் கொள்வோம். மின்வாரியம் முழு யூனிட்டுகளையே கணக்கிடுகிறது என்றாலும், மின்சாரம் சிறிது சிறிதாகவே செலவாவதால், ய எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

ய = 500 எனில், ச(500) = 200 + 900 + 30 = 1,130 ரூபாய். ய ஆனது 500-ஐ இடப்பக்கமிருந்து நெருங்கும்போதும் எல்லை 1,130-தான். ஆனால் வலப்பக்கமிருந்து நெருங்கினால் 350 + 1,380 + 50 = 1,780 ரூபாய். இவ்விரண்டுக்கும் இடையே 650 ரூபாய்த் தாவல். 500 யூனிட் செலவழித்த வீடு 1,130 ரூபாய் கட்டியது. பக்கத்து வீடு 501 யூனிட் செலவழித்து 1,786 ரூபாய் 60 காசு கட்டியது. ஒரே ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! மாதக் கடைசியில் இரவு முழுவதும் எரிந்த ஒரு குண்டு விளக்கே ஒரு குடும்பத்தை இந்தத் தாவலின் மறுபுறம் தள்ளியிருக்கக்கூடும்.

இதை நமது சவாலால் சோதிப்போம். "500-க்கு அருகில் கட்டணம் 1,130-இலிருந்து ஒரு ரூபாய்க்கு மேல் வேறுபடக் கூடாது" என்று கேட்கிறீர்கள். இடப்பக்கம் எனக்குக் கவலையில்லை. மூன்றில் ஒரு யூனிட்டுக்குள் இருந்தால் போதும். வலப்பக்கமோ, ஆயிரத்தில் ஒரு யூனிட், இலட்சத்தில் ஒரு யூனிட் என்று எவ்வளவு நெருங்கினாலும் வேறுபாடு 650-க்குக் குறையாது. சவால் தோற்றது. 500-இல் எல்லை இல்லை.

தொடர்ச்சியின் மூன்று நிபந்தனைகள்

இப்போது தொடர்ச்சியை வரையறுக்கலாம். ய = அ என்ற இடத்தில் ஒரு சார்பு தொடர்ச்சியுடையது எனின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, ச(அ) என்ற மதிப்பு இருத்தல். இரண்டாவது, ய ஆனது அ-வை நெருங்கும்போது எல்லை இருத்தல். அதாவது இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் சமமாதல். மூன்றாவது, அந்த எல்லையும் அந்த மதிப்பும் ஒன்றாதல். சுருங்கச் சொன்னால், அக்கம்பக்கத்தைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பது எதுவோ அதுவே அந்த இடத்தில் உண்மையாகவும் இருப்பது தொடர்ச்சி.

இந்நிபந்தனைகள் தவறும் வகைகளும் வேறுபடும். கிணற்றுக் கணக்கின் சராசரி வேகச் சார்புக்கு ந = 2-இல் மதிப்பு இல்லை; எல்லை மட்டும் உண்டு. அவ்விடத்தில் 19.6 என்று மதிப்பைக் கொடுத்துவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். இது நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை. மின்கட்டணத்தில் உள்ளது தாவல். அந்த ஒரு புள்ளியில் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் அது நீங்காது. 1/ய என்ற சார்பு ய = 0-க்கு அருகில் ஒரு பக்கம் வரம்பின்றி உயர்கிறது; மறுபக்கம் வரம்பின்றித் தாழ்கிறது. சைன்(1/ய) என்ற சார்போ 0-ஐ நெருங்க நெருங்க −1-க்கும் 1-க்கும் இடையே மேலும் மேலும் விரைவாக ஊசலாடி, எதிலும் நிலைகொள்வதில்லை.

வளைவு வேறு, முறிவு வேறு

மின்கட்டணத்தில் தாவல் ஏற்பட்டது ஏன்? விலை கூடியதால் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. 501-ஆவது யூனிட்டுக்கு மட்டும் 6.60 ரூபாய் என்றிருந்தால் வரைபடம் 500-இல் திடீரென்று செங்குத்தாகத் திரும்பியிருக்கும், ஆனால் முறிந்திராது. முறிவுக்குக் காரணம், 500-ஐத் தாண்டியவுடன் முன்னரே செலவழித்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து உயர்ந்ததே. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 1.50 கூடியது, அது 150 ரூபாய். 201 முதல் 500 வரை 1.60 கூடியது, அது 480 ரூபாய். நிலைக் கட்டணம் 20 ரூபாய் கூடியது. மொத்தம் 650 ரூபாய்.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த முறையில் நிலைக் கட்டணம் நீக்கப்பட்டது. 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு 2.25 வீதம், அடுத்த 200-க்கு 4.50 வீதம், அடுத்த 100-க்கு 6 ரூபாய் வீதம். 500-க்கு மேற்பட்டோருக்கு 101 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய், அடுத்த 100-க்கு 8 ரூபாய். கணக்கிட்டுப் பாருங்கள். 100, 200, 400 ஆகிய இடங்களில் இரு பக்க எல்லைகளும் சமம். அங்கெல்லாம் வளைவு உண்டு, முறிவு இல்லை. 500-இல் மட்டும் இடப்பக்க எல்லை 1,725; வலப்பக்க எல்லை 1,950. 650 ரூபாயாக இருந்த தாவல் 225 ரூபாயாகக் குறைந்தது. கட்டணம் பொதுவாக உயர்ந்தது என்பது வேறு செய்தி. கணித நோக்கில் பார்த்தால் பழைய முறிவுகள் இரண்டு சீர்செய்யப்பட்டு, மூன்றாவது சிறிதாயிற்று. அதன் பின்னரும் வீதங்கள் திருத்தப்பட்டுள்ளன. உங்கள் வீட்டு மின்கட்டண அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு படியிலும் இரு பக்க எல்லைகளையும் கண்டு ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

தொடர்ச்சியைச் சட்டமே வேண்டுமென்று ஏற்படுத்திய எடுத்துக்காட்டும் உண்டு. 2023-24 நிதியாண்டில், வருமான வரியின் புதிய முறையில், வரிக்குரிய வருமானம் 7 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி இல்லை. 7 இலட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி போய்விடும். அப்போது செஸ் நீங்கலாக வரி 25,000 ரூபாய். ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 25,000 ரூபாய் தண்டம் என்பது முறையன்று. ஆகவே விளிம்பு நிவாரணம் என்ற விதியைச் சேர்த்தனர். 7 இலட்சத்துக்கு மேல் எவ்வளவு வருமானமோ, வரி அதற்கு மேற்படக் கூடாது என்பதே அவ்விதி. வருமானம் 7 இலட்சத்தை வலப்பக்கமிருந்து நெருங்கும்போது இப்போது வரியின் எல்லை சுழி, தாவல் மறைந்தது. ஏறத்தாழ 7,27,778 ரூபாயில் நிவாரணக் கோடும் சாதாரண வரிக் கோடும் சந்திக்கின்றன. அங்கேயும் வளைவுதான், முறிவில்லை.

மலையேறும் பேருந்து

தொடர்ச்சியால் என்ன பயன்? சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஏறுகிறது, சில இடங்களில் சற்று இறங்கவும் கூடும். ஆனால் ஒன்று உறுதி. பயணத்தில் ஏதேனும் ஒரு கணத்தில் பேருந்து சரியாக 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தே தீரும். உயரம் நேரத்தின் தொடர்ச்சியான சார்பு ஆகையால், 280-இலிருந்து 1,500-க்குச் செல்லும்போது இடைப்பட்ட எந்த உயரத்தையும் அது தாவிச் செல்ல முடியாது. இதற்கு இடைமதிப்புத் தேற்றம் என்று பெயர். பார்வைக்கு வெளிப்படையான இதற்கும் நிறுவல் வேண்டும் என்று உணர்ந்து, 1817-இல் அதை வெளியிட்டவர் போல்சானோ.

தொடர்ச்சி இல்லையேல் இத்தேற்றம் பொய்த்துவிடும். 2022-க்கு முற்பட்ட மின்கட்டணத்தையே பாருங்கள். 500 யூனிட் வரை கட்டணம் 1,130-ஐத் தாண்டாது; 500-க்கு மேல் 1,780-க்குக் குறையாது. ஆகவே பழைய பாக்கி முதலியவை இன்றி, எந்த வீட்டுக்கும் ஒரு முறைக்கான கட்டணம் 1,500 ரூபாய் என்று வந்திருக்கவே முடியாது. குறைந்த கட்டணமும் உண்டு, மிகுந்த கட்டணமும் உண்டு. நடுவே ஒரு வெற்றிடம்.

இத்தேற்றம் வியப்பான முடிவுகளையும் தரும். ஒருவர் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்கி நண்பகலில் ஏற்காட்டை அடைகிறார். இரவு தங்கி, மறுநாள் காலை 6 மணிக்கு அதே சாலையில் இறங்கத் தொடங்கி நண்பகலில் ஊர் திரும்புகிறார். வழியில் எங்கு நின்றாலும், எவ்வளவு விரைந்தாலும் சரி, இரு நாள்களிலும் ஒரே மணிக்கு அவர் இருந்த ஓரிடம் சாலையில் கட்டாயம் உண்டு. ஏன்? அடிவாரத்திலிருந்து அவர் இருக்கும் தூரத்தை இரு நாள்களுக்கும் கண்டு, முதல்நாள் தூரத்திலிருந்து மறுநாள் தூரத்தைக் கழியுங்கள். 6 மணிக்கு அவ்வேறுபாடு எதிர்மறை, நண்பகலில் நேர்மறை. வேறுபாடு தொடர்ச்சியான சார்பு. எனவே இடையில் எங்கோ சுழியாக வேண்டும். இரண்டு பேர் ஒரே நாளில் எதிரெதிராக நடப்பதாக எண்ணிக்கொண்டால் இன்னும் எளிது. அவர்கள் சந்தித்தே ஆக வேண்டும் அல்லவா?

சைனும் கோணமும்

எல்லைகளுள் மாணவர் அடிக்கடி காண்பது, ய ஆனது 0-ஐ நெருங்கும்போது சைன் ய / ய என்பதன் எல்லை. ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் சிறு கோணம் ஒன்றை வரைந்து பரப்புகளை ஒப்பிட்டால், கோணம் ய ஆனது சைன் ய-வை விடப் பெரிது, டேன் ய-வை விடச் சிறிது என்பது தெரியும். இதிலிருந்து சைன் ய / ய ஆனது கொசைன் ய-க்கும் 1-க்கும் இடையே அகப்பட்டுக்கொள்கிறது. ய ஆனது 0-ஐ நெருங்கும்போது கொசைன் ய ஆனது 1-ஐ நெருங்குகிறது. இரு பக்கச் சுவர்களும் 1-ஐ நோக்கி நெருக்கும்போது நடுவில் உள்ளதற்கு வேறு போக்கிடம் இல்லை, எல்லை 1. எண்களாலும் சரிபார்க்கலாம்: ய = 0.5 எனில் 0.9589; ய = 0.1 எனில் 0.9983.

இங்கு ஓர் எச்சரிக்கை. இந்த எல்லை 1 ஆவது கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டுமே. கணிப்பானைப் பாகை முறையில் வைத்துக்கொண்டு சோதித்தால் 0.01745 என்ற எண்ணே வரும். அது பை / 180-இன் மதிப்பு.

சிறிய வில்லும் அதன் நாணும் ஏறத்தாழச் சமம் என்ற இக்கருத்தை நம் நாட்டவர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆழமாகப் பயன்படுத்தினர். 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த மாதவரும் அவர் வழிவந்தோரும் சைன், கொசைன், பை ஆகியவற்றுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டனர். அவற்றின் விளக்கங்களை ஜேஷ்டதேவர் ஏறத்தாழ 1530-இல் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை என்ற நூலில் காணலாம்.

நாமக்கல் நாமகிரியும் ராமானுஜனும்

ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜனின் குலதெய்வம் நாமக்கல்லில் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயார். அவர் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் ஒரு வினா விடுத்தார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) என்று முடிவின்றிச் செல்லும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? விடை 3.

3 = √(1 + 2×4), 4 = √(1 + 3×5), 5 = √(1 + 4×6) என்று ஒன்றனுள் ஒன்றை நுழைத்துக்கொண்டே போனால் அவ்வடிவம் கிடைக்கிறது. அத்துடன் விடை நிறுவப்பட்டதாகுமா? ஆகாது. 4 = √(1 + 2×7.5) என்றும், 7.5-ஐ மறுபடியும் அவ்வாறே √(1 + 3×...) என்றும் எழுதிக்கொண்டே போகலாம். அப்படியானால் விடை 4 என்றும் "நிறுவலாம்" அன்றோ? இக்குழப்பத்தைத் தீர்ப்பது எல்லை என்ற கருத்தே. முடிவிலா வடிவின் மதிப்பு என்பது, அதை ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டி நிறுத்திப் பெறும் எண்களின் எல்லை. √(1 + 2) = 1.73; √(1 + 2√(1 + 3)) = 2.24, தொடர்ந்து 2.56, 2.76, 2.87 என்று வருகின்றன. இவை ஒவ்வொரு படியிலும் ஏறுகின்றன. ஆனால் 3-ஐ ஒருபோதும் எட்டுவதில்லை. நீங்கள் எவ்வளவு சிறிய பிழையைக் கேட்டாலும் அதற்குள் 3-ஐ நெருங்குகின்றன. 4-ஐயோ இவை நெருங்கவே இல்லை.

பயிற்சி

கீழ்க்காணும் கணக்குகளைச் செய்து பாருங்கள். விடையை எழுதுமுன், "இது மதிப்பா, எல்லையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ய ஆனது 3-ஐ நெருங்கும்போது (ய² − 9)/(ய − 3)-இன் எல்லை என்ன?

2. ய ஆனது 0-ஐ நெருங்கும்போது (√(4 + ய) − 2)/ய-இன் எல்லை என்ன?

3. ய ஆனது 0-ஐ நெருங்கும்போது (சைன் 5ய)/(2ய)-இன் எல்லை என்ன?

4. ய ஆனது 0-ஐ நெருங்கும்போது |ய|/ய-க்கு எல்லை உண்டா?

5. ய ஆனது 2 அல்லது அதற்குக் குறைவெனில் ச(ய) = கய + 1; 2-க்கு மேல் எனில் ச(ய) = ய² + 3. ச(ய) எங்கும் தொடர்ச்சியாக இருக்க க-வின் மதிப்பு என்ன?

6. ய³ + ய − 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு தீர்வு உண்டு என்று காட்டுக.

7. 2022 செப்டம்பர் 9 வரை இருந்த மின்கட்டணத்தில் 100, 200 ஆகிய இடங்களில் தாவல்கள் எவ்வளவு?

விடைகளும் குறிப்புகளும்

1. காரணிப்படுத்தினால் ய + 3, எல்லை 6. ய = 3-இல் சார்புக்கு மதிப்பு இல்லை என்பதையும் குறித்துக்கொள்க.

2. தொகுதியையும் பகுதியையும் (√(4 + ய) + 2)-ஆல் பெருக்குக. 1/(√(4 + ய) + 2) எஞ்சும், எல்லை 1/4.

3. (5/2) × (சைன் 5ய)/(5ய) என்று எழுதுக, எல்லை 5/2.

4. வலப்பக்க எல்லை 1. இடப்பக்க எல்லை −1. எனவே எல்லை இல்லை.

5. இடப்பக்க எல்லை 2க + 1. வலப்பக்க எல்லை 7. இரண்டும் சமமாக வேண்டும்; க = 3.

6. ய = 0 எனில் மதிப்பு −1; ய = 1 எனில் 1. சார்பு தொடர்ச்சியானது, எனவே இடையில் சுழியாக வேண்டும். ய = 0.5 எனில் −0.375; ய = 0.75 எனில் 0.17. ஆகவே தீர்வு 0.5-க்கும் 0.75-க்கும் இடையே உள்ளது. இவ்வாறு இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 0.682 என்ற அளவுக்கு வரலாம்.

7. 100-இல் இடப்பக்க எல்லை 0, வலப்பக்க எல்லை 20. தாவல் 20 ரூபாய். 200-இல் இடப்பக்க எல்லை 150 + 20 = 170; வலப்பக்க எல்லை 200 + 30 = 230; தாவல் 60 ரூபாய்.

இவற்றுள் ஏழாவது கணக்கைச் செய்தவர், ஒரு விதிமுறையைப் படித்தவுடன் "இது எங்கே முறிகிறது? முறிவின் இருபுறமும் நிற்பவர் யார்?" என்று கேட்கும் பழக்கத்தைப் பெறுவார். எல்லையும் தொடர்ச்சியும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல என்பதற்கு அதுவே சான்று.